ஏறுவதற்கு ஒரு கல்

யார் சொல்லியும் அவர் சைக்கிளை விட்டு இறங்கமாட்டார். தானாக இறங்குவார். எங்கே இறங்குவது என்பதை முன்கூட்டியே பார்த்து வைத்திருப்பார். அடுத்தவர் வாய்ச் சொல்லுக்கு அவர் இறங்கியது, எனக்குத் தெரிந்து, ரெண்டே தடவை. முதல் தடவை அவருக்கு இருபது வயசு. சொன்னவர்கள் நாலு ஆம்பிளைகள். ரெண்டாவது தடவை ஐம்பத்து நாலு வயசு, சொன்னவள் நான்.

அவர் பேரை எழுதப் போவதில்லை. எழுதினால் புண்ணியம் தேடிக்கொள்கிற மாதிரி ஆகிவிடும். எங்கள் ஊர்ப் பேரும் வேண்டாம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற டிரங்கு ரோட்டில் ஏழு மைல் வந்து, மேற்கே திரும்பி அரை மைல் உள்ளே போனால் ஓர் ஊர். அங்கே இன்னும் என் பேரன் பேத்திகள் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்கிறார்கள். என் வாயால் அவர்களுக்கு ஒரு பேஜாரும் வேண்டாம்.

அம்மை குத்துகிற சர்க்கார் உத்தியோகம் அவருக்கு. தோல் பை ஒன்று, அதற்குள் சின்ன ஸ்பிரிட் விளக்கு, கண்ணாடிக் குழலில் அம்மைப்பால், சுற்றிலும் பல் வைத்த ஒரு கருவி. அதைப் புஜத்தில் வைத்துத் திருகினால் அரையணா அகலத்துக்கு ஒரு வட்டம் விழும். அப்போது நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். என் அப்பா மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை எடை போடுகிறவர். எனக்கு ஆறு வயசு. அம்மைக்காரர் வருகிறார் என்றதும் தெருப் பிள்ளைகளோடு நானும் ஓடினேன். அவர் பின்னாலேயே சைக்கிளில் வந்தார், மெதுவாக, மணியைக்கூட அடிக்காமல்.

"பாப்பா, நீ எம்மாந்தூரம் ஓடினாலும் நான் மிதிச்சிக்கினு வருவேன். எனக்கு மூச்சு வாங்காது, உனக்குத்தான் வாங்கும். நின்னுடு, ரெண்டு பேருக்கும் வேலை மிச்சம்" என்றார்.

நின்றுவிட்டேன். இடது புஜத்தில் நாலு வட்டம் போட்டு, அழுகிற வாயைப் பார்க்காமல், குத்தின இடத்தை ஊதிவிட்டார். எட்டாம் நாள் வந்து பார்த்தார். நாலும் கொப்புளித்திருந்தன. "எடுத்துக்கிச்சு" என்று சிரித்தார். பால் உடம்பில் பிடித்துக்கொண்டது என்பதற்கு அவர்கள் தொழிலில் அதுதான் வார்த்தை. வேதக்காரர்தான், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். இருந்தாலும், "இனிமே மாரியாத்தா வந்தா இந்தக் கையைக் காட்டு, பாத்துட்டு அப்படியே போயிடுவா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் அம்மா அவருக்குத் தண்ணீரை உயரத் தூக்கி ஊற்றினாள். அவர் கையைக் குவித்துக் குடித்தார். அது ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த மாதிரி விஷயங்களை எல்லாம் நாங்கள் கேட்காமலேயே தெரிந்துகொண்டோம்.

ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம். விளக்கு இல்லாமல் வந்தார் என்று ஒரு போலீஸ்காரர் நடு ரோட்டில் கையைக் காட்டி, "எறங்குய்யா கீழ" என்றார். அவர் இறங்கவில்லை. தப்பித்து ஓடவும் இல்லை. போலீஸ்காரரையே சுற்றிச் சுற்றி வந்தார். "கேளுங்க, சொல்றேன். எந்த ஆபீஸு? சொல்றேன். எங்க போறேன்? சொல்றேன்." எட்டு ஒன்பது சுற்று இருக்கும். அவர் முகத்தைப் பார்த்துத் திரும்பித் திரும்பிப் போலீஸ்காரருக்குத் தலை சுற்றிவிட்டது. "போய்த் தொலைய்யா" என்று கையை வீசினார். மண்டி வாசலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

என் அப்பா மறுநாள் கேட்டார்: "ஏன்யா, எறங்கி ரெண்டு வார்த்தை சொன்னா இன்னா? கிரீடம் வுழுந்துடுமா?"

அவர் விளக்குக் கம்பத்தை ஒரு கையால் பிடித்தபடி, ரெண்டு காலும் பெடலில் இருக்க, நின்றுகொண்டிருந்தார். "இது மேல இருக்கற வரைக்கும் நான் யாரு எவருன்னு ஒருத்தனும் கேக்கறதில்லீங்க. கீழ காலை வெச்சா மொதக் கேள்வியே அதுவாத்தான் இருக்குது" என்றார். அப்பா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

பதினஞ்சு வயசில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கல்யாணமான வருஷமே என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். வயிற்றில் பிள்ளையோடு மாமனார் மாமியார் கையில் நான். எங்கள் வீடு தெருவின் கடைசி வீடு. கொல்லையில் நின்றால் ஏரிக்கரை தெரியும். ஒரு நாள் கரைமேல் ஒரு சைக்கிள் போனது. முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. இவருக்கு விழுப்புரம் பக்கம் மாற்றலாகி இருக்கிறது போல என்று சந்தோஷமாக இருந்தது.

"ஏன் அத்தே, ஊருக்குள்ள வராம அவரு கரை மேல சுத்திக்கினு போறாரு?" என்று கேட்டேன்.

"வந்தா எறங்கித் தள்ளிக்கினு வரணுமே. அந்தக் கொழுப்பு எறங்குமா அவனுக்கு?" என்றாள் மாமியார். அப்புறம் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அவரு இன்னாடி அவரு? உங்கூட்டு மாமனா?"

சேரி ஆள் யாராக இருந்தாலும் எங்கள் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். சைக்கிள் இருந்தால் இறங்கித் தள்ள வேண்டும். அந்தச் சுற்று வட்டாரத்தில் சேரியில் பிறந்து சைக்கிள் வைத்திருந்தவர் அவர் ஒருத்தர்தான். ஆக, அந்தச் சட்டம் அவருக்கென்றே போட்டது. டிரங்கு ரோட்டிலிருந்து எங்கள் தெரு வழியாகச் சேரி ஒன்றரை மைல். ஏரிக்கரையைச் சுற்றினால் மூன்றரை மைல். மாடுகள் மிதித்து மிதித்துக் குளம்புக்குக் குளம்பு குழி விழுந்த கரை அது. வருஷக்கணக்காக அவர் அந்தக் கரைமேல்தான் குலுங்கிக்கொண்டு போனார். எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் குத்துவதென்றால் ஏரி மதகண்டை இறங்கி உட்கார்ந்துகொள்வார். தலையாரி போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வருவான். தெருவுக்குள் காலடி வைத்ததில்லை.

கூப்பிட்டால் எங்கே வந்தார்கள்? வைக்கோல் போருக்குள்ளும் தானியம் கொட்டுகிற குதிருக்குள்ளும் ஒளித்து வைத்தார்கள். குத்தினால் ஆத்தாவுக்குக் கோபம் வரும், சும்மா போகிறவளைக் கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி என்பார்கள். என் மகளுக்கு மூணு மாசமாக இருந்தபோது அவர் வந்தார். மாமியார் பிள்ளையைத் துணியில் சுற்றிக் காலிக் குதிருக்குள் இறக்கினாள். புஜத்தில் நாலு தழும்பு வைத்துக்கொண்டு, அது எதற்கு என்று தெரிந்துகொண்டு, குதிர் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். காற்று போகட்டும் என்று விரல் அளவு திறந்து வைத்திருந்தேன். அந்த மட்டுக்கும் அறிவு வேலை செய்தது.

அந்தத் தை மாசம் அவருக்குக் குடல் சரிந்துவிட்டது. முப்பது வருஷம் குண்டிலும் குழியிலும் சைக்கிள் மிதித்தவருக்கு அடிவயிற்றில் தேங்காய் அளவுக்குப் புடைத்துக்கொண்டு நின்றதாம். கட்டிலில் தூக்கிப் போய் ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்தார்கள் என்று சொன்னார்கள். எங்கள் தெரு ஆம்பிளைகளுக்கு அது ஒரு தமாஷ். "மனுஷன் எறங்கல, கொடலு எறங்கிடுச்சு பாரு" என்று ஆளாளுக்குச் சொல்லிச் சிரித்தார்கள். என் மாமனாரும் சிரித்தார். ரொம்பக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர். கேப்பைக் களியில் எனக்குப் பெரிய உருண்டை வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் அவர் சாப்பிடுவார். அந்த மனுஷரும்தான் சிரித்தார்.

ஆடி மாசம் மல்லாட்டைக்குக் களை வெட்ட ஆள் விட்டிருந்தோம். எங்கள் நிலம் டிரங்கு ரோட்டை ஒட்டி இருந்தது. கூழ் எடுத்துக்கொண்டு போனவள், ரோட்டோரம் மைல்கல்லண்டை அவரைப் பார்த்தேன். பாதி ஆளாக இருந்தார். வேட்டிக்கு மேல் துண்டைச் சும்மாடு மாதிரி முறுக்கி இடுப்பில் இறுகக் கட்டியிருந்தார். முன்பெல்லாம் இடது காலைப் பெடலில் வைத்து ரெண்டு உந்து உந்தி, வலது காலைப் பின்பக்கம் வீசிப் போட்டார் என்றால் கண் மூடித் திறப்பதற்குள் சீட்டில் இருப்பார். இப்போது உந்தினார், கால் எழும்பவில்லை. சைக்கிளைச் சாய்த்து வைத்துக் காலைப் போட்டார்; சாய்ந்த வண்டியை நிமிர்த்த அடிவயிற்றில் வலு இல்லை, வண்டியோடு விழுந்தார். மறுபடியும் எழுந்தார். மறுபடியும் விழுந்தார். களை வெட்டுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு ஓடிப் போய்த் தூக்க வேண்டும் போல இருந்தது. தூக்கவில்லை.

அந்த மைல்கல் பாதி புதைந்து, முழங்கால் உயரத்துக்கு, உச்சி தேய்ந்து சப்பையாக இருந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். வண்டியை அதையொட்டி நிறுத்தினார். கல்மேல் ஏறி நின்றார். அங்கேயிருந்து காலைப் போட அவ்வளவு தூக்க வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்தார். கல்லைக் காலால் உந்திவிட்டார். வண்டி ஆடி ஆடிப் போய், நேராகி, விழுப்புரம் பக்கம் போனது.

அடுத்த கல்லில் நிறுத்தி, அதில் கால் வைத்து இறங்கி, ஏறிப் பழகினார். பத்து நாள் அதே வேலை. பதினோராம் நாள் நான் தைரியம் பண்ணிக் கிட்டே போய், "நான் திண்டிவனம். மண்டி எடைக்காரர் மவ" என்றேன்.

"கையைக் காட்டு" என்றார். காட்டினேன். தழும்பைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. "நான் போட்டதுதான். நாலும் எடுத்துக்கிச்சு உனக்கு" என்றார். அப்புறம் நான் கேட்காமலே சொன்னார். "டாக்டரு சைக்கிளை மறந்துடுன்னுட்டாரும்மா. சைக்கிள் இல்லாம எனக்கு இன்னா வேலை இருக்குது? வண்டி இல்லாதவனை ஆபீஸுல எதுக்கு வெச்சிக்குவாங்க? அதான் கல்லுக்குக் கல்லு போய்க்கினு இருக்கேன். கல்லு இருக்கற எடத்துலதான் எறங்கணும். வழியில எறங்கிட்டேன்னா போச்சு. தள்ளிக்கினு நடக்கறதுதான் ஓட்டறதை விட மோசம், தையல் போட்ட எடத்தைப் புடிச்சிக் கிழிக்குது."

"ஒரு நாளைக்கி எறங்கித் தள்ளிக்கினு எங்க தெரு வழியாத்தான் போனா இன்னாங்க? கரை மேல இனிமே முடியாதே" என்றேன். வெகுளியாகத்தான் கேட்டேன்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இருவது வயசுல, வேலைக்கிச் சேந்த புதுசுல, ஒரு ஊர்ல நாலு பேரு ஹேண்டில்பாரைப் புடிச்சிக்கினு எறங்குடான்னாங்க. எறங்கினேன். காத்தைப் புடுங்கி வுட்டுட்டு, இப்பத் தலை மேல தூக்கிக்கினு போடான்னாங்க. ஊரு தாண்டற வரைக்கும் தூக்கிக்கினு போனேம்மா. அதுலேர்ந்து எவனும் சொல்லி எறங்கறதில்லன்னு வெச்சிருக்கேன்."

அதற்கப்புறம் அவர் ஊர்ப் பக்கம் வந்தால் மைல்கல்லண்டையே உட்கார்ந்துகொண்டார். சேரியிலிருந்து சில பிள்ளைகள் மட்டும் வயல் வரப்பில் சுற்றி நடந்து வந்து குத்திக்கொண்டு போனார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை.

பங்குனியில் ஆத்தா வந்துவிட்டாள். முதலில் சேரியில் மூணு வீடு. அப்புறம் எங்கள் தெருவில் ரெண்டு வீட்டு வாசலில் வேப்பிலை சொருகினார்கள். வீட்டுக்கு வீடு தாளிப்பதை நிறுத்தினோம். வெளியூர் ஆள் உள்ளே வரக்கூடாது, உள்ளூர்ப் பிள்ளைகள் வெளியே போகக்கூடாது. எதிர்வீட்டுப் பையனுக்கு என் மகள் வயசுதான், ஒன்றரை. ஆறாம் நாள் அவனைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். அன்றைக்கு என் மாமியார் அந்தக் காலிக் குதிர் பக்கம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அம்மைக்காரனை வரச் சொல்லேண்டி" என்றாள். மாமனாரும் தலையை ஆட்டினார். ஊசி வேண்டும் என்று எல்லாருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் தெருவுக்குள் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்; அதில் ஒரு மாற்றமும் இல்லை.

நான் ரோட்டுக்கு ஓடினேன். அவர் மைல்கல்மேல் உட்கார்ந்திருந்தார்.

"எம்பொண்ணுக்குக் குத்தலீங்க. நாந்தான் ஒளிச்சி வெச்சேன்" என்றேன். அழுகையில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை. "வூட்டுக்கு வாங்க. புள்ளையை வெளிய கொண்டார வுட மாட்டேங்கறாங்க."

அவர் இடுப்புத் துண்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். பிறகு, "உங்க தெருவுல எறங்கினா ஏற முடியாதும்மா. அங்கேர்ந்து சேரி ஒரு மைலு. அங்க இன்னும் குத்தாத புள்ளைங்க அறுவது எழுவது இருக்குது. வெயில் ஏறிடுச்சின்னா பால் கெட்டுப்போயிடும். தள்ளிக்கினு நடந்தா நான் அங்க போய்ச் சேந்தாத்தான் உண்டு" என்றார்.

"எங்களுது கடைசி வூடு. அதுக்கப்புறம் தெரு கிடையாது, சேரிப் பாட்டைதான். எங்க வாசல்ல நான் கல்லு போட்டு வெக்கறேன். எங்கூட்டு உரலு இந்த மைல்கல்லு ஒசரம் இருக்கும். அது மேல ஏறிக் கெளம்பிடுங்க. சத்தியமா வெக்கறேன்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். உரல்மேல் நாங்களே உட்காரக்கூடாது. உட்கார்ந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். அதன்மேல் அவர் கால் வைப்பது என்றால் என்னவென்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"நீ வெப்பியா?"

"வெப்பேன்."

"சரி. நாளைக்கி வெடியக் காலையில வர்றேன். எறங்கறேன்" என்றார்.

மறுநாள் கோழி கூவும் முன்னே எழுந்தேன். கல் உரலைச் சாய்த்து விளிம்பில் உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அந்தத் தெம்பு எங்கேயிருந்து வந்தது என்று தெரியாது. சாணி தெளித்த வாசலில், சேரிப் பாட்டை ஆரம்பிக்கிற ஓரத்தில், நிமிர்த்தி வைத்தேன். நன்றாக விடிந்தது. தெருமுனையில் அவர் வருவது தெரிந்தது. சைக்கிளில் இல்லை. இறங்கி, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனியாமல் நடந்து வந்தார். வீட்டுக்கு வீடு ஆட்கள் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தன், "புத்தி வந்துச்சு பாரு" என்றான்.

அப்போது என் மாமனார் பல் குச்சியோடு வெளியே வந்தார். உரலைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கும்மா உரலு வாசல்ல கெடக்குது?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். அதட்டவில்லை. சந்தேகப்பட்டுக்கூடக் கேட்கவில்லை. காலையில் எழுந்த மனுஷர், கண்ணில் பட்டதைக் கேட்டார். "அவரு ஏறறதுக்கு மாமா" என்று சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார். அடித்திருப்பாரோ என்னவோ, அதையும் வாங்கிக்கொண்டிருக்கலாம். என் நாக்கு சொன்னது:

"கழுவறதுக்கு மாமா."

"சரி, கழுவிட்டு ஜல்தியா உள்ள தள்ளு. ஆளுங்க வர்ற நேரம்."

ஒரு குடம் தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன். தேங்காய் நார் போட்டுத் தேய்க்கக்கூடச் செய்தேன். பொய்க்குப் பொருத்தமாக இருக்க வேண்டுமே. அப்புறம் சாய்த்து உருட்டி, நடைக்குள் தள்ளி, கதவோரம் நிறுத்தினேன். அவர் அப்போது மூணு வீடு தள்ளி வந்துகொண்டிருந்தார்.

பிள்ளையைச் சாக்குமேல் கிடத்திவிட்டு மாமியார் தள்ளி நின்றாள். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் குந்த முடியாமல் குந்தி, விளக்கைக் கொளுத்தி, கருவியைச் சுட்டு ஆறவைத்து, நாலு வட்டம் போட்டார். மகள் அழுத சத்தம் கேட்டது. அவர் ஊதிவிடுகிற சத்தமும் கேட்டது. பையை மூடினார். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அப்புறம் கல்லைத் தேடினார்.

கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். நாலு எட்டு முன்னே போய்ப் பார்த்தார், திரும்பி வந்தார். வீட்டுக்கு வீடு வாசப்படி இருந்தது. அவர் கால் வைக்க ஒன்றும் இல்லை. யாரையாவது கேட்டால் என் பேர் வெளியே வரும். கேட்கவில்லை. கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். நான் உரல்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தேன். இன்னும் ஈரமாக இருந்தது. பிறகு அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சேரிப் பாட்டையில் நடக்க ஆரம்பித்தார். ஐம்பது எட்டுக்கு ஒரு தரம் நின்றார்.

அறுபத்தெட்டுப் பிள்ளைகளுக்குக் குத்தினாராம். கடைசிப் பிள்ளைக்கு ஊதிவிட்டு எழுந்தபோது வேட்டி முன்பக்கம் ரத்தமாக இருந்ததாம். உச்சி வெயிலில் நான் கொல்லையில் நின்றிருந்தேன். கரைமேல் நாலு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் தெரு வழியாகப் போனால் ரெண்டு மைல் மிச்சம். கட்டிலானாலும் தெருவுக்குள் விடமாட்டார்கள் என்று அவர்களாகவே சுற்றிக்கொண்டு போனார்கள். கட்டிலுக்குப் பின்னால் ஒருத்தர் சைக்கிளைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார். ஓட்டத் தெரியாதவர், அந்தக் கரையில் உருட்டவும் முடியவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். 

எட்டாம் நாள் வேறு ஒரு ஆள் வந்தார், இளவட்டம். தெருமுனையிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். மகள் கையைப் பார்த்து, "எடுத்துக்கிச்சு" என்றார். பெரியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "மறுபடியும் அறுத்திருக்காங்க. உசுரு தப்பிச்சிட்டாரு. சைக்கிள் மட்டும் இனிமே இல்ல" என்றார். அந்த வருஷம் எங்கள் தெருவில் ஏழு பிள்ளைகள் போயின. என் மகளுக்கு ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

யுத்தம் முடிந்து என் வீட்டுக்காரர் வந்த பிறகு, அப்பாவைப் பார்க்கத் திண்டிவனம் போனேன். அம்மைக்காரர் அங்கேதான் இருக்கிறார் என்று தெரிந்து, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் அவர் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிக் காலில் விழுவது என்றுதான் போனேன். வழியெல்லாம் அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். சைக்கிள் சுவரோரம் நின்றது. டயரில் காற்று இல்லை. அவர் சம்சாரம் லோட்டாவில் மோர் கொடுத்தாள். வாய் வைத்துக் குடித்தேன். அதையே ஒரு பெரிய காரியம் பண்ணிவிட்டதாக மனசுக்குள் நினைத்துக்கொண்டேன், வெட்கக்கேடு.

"எடுத்துக்கிச்சா பாப்பா?" என்றார். பழையபடி பாப்பா என்றார். மகள் கையைக் காட்டினேன். தழும்பை விரலால் தடவி எண்ணினார். "நாலும்" என்றார். மகள் கையை விடாமலே, "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றார். "அன்னிக்கி உரலு எந்தப் பக்கம் போட்டு வெச்சிருந்தே? நானும் ரெண்டு பக்கமும் தேடினேன். கண்ணுக்குப் படல. வெறும் வயித்தோட வந்தேனா, தலை கிறுகிறுன்னு இருந்துச்சு. சரியாப் பாக்காம வந்துட்டமோன்னு ஒரே இதுவா இருக்குது."

"மூணு வருஷமா இதே பொலம்பல்தாம்மா" என்றாள் சம்சாரம். "அந்தப் பொண்ணு வெச்சிருக்கும், நாந்தான் குருடன் மாதிரி வந்துட்டேன், இன்னும் கொஞ்சம் பாத்திருந்தா இப்பவும் ஓட்டிக்கினு இருப்பேன்னு."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் என் வாயில்தான் இருந்தன. அவர் கட்டிலில் கையை ஊன்றித் தலையைத் தூக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"சந்துப் பக்கமா வெச்சிருந்தேங்க" என்றேன். "வேலி மறைச்சிருக்கும்."

அவர் மூச்சை நீளமாக விட்டார். தலையைக் கீழே வைத்துக்கொண்டார். "அதானே. நீ வெக்கறேன்னா வெப்பேன்னு எனக்குத் தெரியும். நாந்தான் பாக்கல" என்றார். அப்புறம் சுவரோரம் இருந்த சைக்கிளைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

அவர் சம்சாரம் வாசல்வரை கூட வந்தாள். படுக்கையில் விழுந்ததிலிருந்து அவர் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றாள். என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மகராசியா இரும்மா. புள்ளைக்குட்டிங்களோட நூறு வயசு இரு" என்று வாழ்த்தினாள்.

எனக்கு இப்போது எண்பது வயசாகிறது. பிள்ளைகள், பேரன்கள், பேத்திகள் எல்லாரும் சௌக்கியமாக இருக்கிறார்கள். அந்த அம்மாள் வாழ்த்தியது பலித்துக்கொண்டுதான் இருக்கிறது.